போல்ட் ரைபிளின் சுடும் பொறி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உரிமம் பெற்று, வேட்டைக்கோ இலக்குச் சுடுதலுக்கோ போல்ட் ரைபிள், அதாவது போல்ட் எனப்படும் கைப்பிடி கொண்ட உருளைத் தாழ்ப்பாளைக் கையால் இயக்கித் திறந்து மூடும் ரைபிள், வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எந்தப் பழுதை உரிமையாளரே வீட்டில் பார்க்கலாம், எதைக் கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஆகவே கருவியில் கை வைக்கும் முன் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மௌசர் 98 வகையைச் சேர்ந்த பழைய வேட்டை ரைபிள். சில ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இப்போது விசையை இழுத்தால் 'டிக்' என்ற ஓசை கேட்கிறது, தோட்டா வெடிப்பதில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால், தோட்டாவின் அடியில் முதலில் தீப்பிடிக்கும் சிறு மருந்துக் கிண்ணமான பிரைமரின் மேல் மிக லேசான பள்ளம்தான் விழுந்திருக்கிறது. சுருள்வில் செத்துப்போய்விட்டது என்கிறார் நண்பர். புதிய வில் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: வில்லை வாங்கும் முன் போல்ட்டைத் திறந்து உள்ளே பாருங்கள். நீண்ட காலம் உபயோகிக்காமல் வைத்த ரைபிளில் இத்தகைய பழுதுக்கு முதற்காரணம் பெரும்பாலும் வில் அல்ல; போல்ட்டின் உட்குழலில் பிசினாக இறுகிப்போன பழைய எண்ணெய்தான்.

ஏன் என்பது பொறி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விளங்கும். போல்ட்டின் உள்ளே ஃபயரிங் பின் என்று எல்லோரும் சொல்லும் சுடும் ஊசி இருக்கிறது. அதைச் சுற்றி வலுவான சுருள்வில். ஊசியின் பின்முனையில் காக்கிங் பீஸ் என்ற கொக்கித் துண்டு. மௌசர் 98-இல் கைப்பிடியை மேலே தூக்கும்போதே போல்ட்டின் பின்புறத்தில் வெட்டப்பட்ட சாய்தளம் காக்கிங் பீஸைப் பின்னுக்குத் தள்ளி வில்லை அழுத்திவிடுகிறது. போல்ட்டை மூடும்போது விசையோடு இணைந்த சியர் என்னும் தடுப்புத்துண்டு காக்கிங் பீஸின் மூக்கைப் பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் சியர் கீழே இறங்குகிறது. விடுபட்ட ஊசி சில மில்லிவினாடிகளில் முன்னே பாய்ந்து பிரைமரின் மெல்லிய உலோகக் கிண்ணத்தைக் குத்துகிறது. கிண்ணத்துக்கும் அதற்குள் இருக்கும் சிறு பட்டடைக்கும் நடுவே பிரைமர் மருந்து நசுங்கித் தீப்பிடிக்கிறது. ஊசி போதிய ஆழத்துக்குப் போவது மட்டும் போதாது, போதிய வேகத்தோடும் போக வேண்டும். இறுகிய எண்ணெய் பறித்துக்கொள்வது அந்த வேகத்தைத்தான். குளிர்காலத்தில் எண்ணெய் மேலும் கெட்டியாவதால், வெயிலில் ஒழுங்காகச் சுட்ட ரைபிள் பனியில் 'டிக்' என்று மட்டும் சொல்வதுண்டு. ராணுவக் கிடங்கிலிருந்து வந்த பழைய ரைபிள்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய காஸ்மோலின் கொழுப்பும் இதே வேலையைச் செய்யும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தோட்டாவைச் சந்தேகியுங்கள்: வேறு பெட்டியில், வேறு தயாரிப்பில் வந்த புதிய தோட்டாக்களிலும் பள்ளம் லேசாகவே விழுகிறதா? கையால் நிரப்பிய தோட்டாவாக இருந்தால், பிரைமர் அடிவரை உட்காராமல் சற்று மேலே நின்றிருக்கலாம். அப்போது ஊசியின் ஆற்றல் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாம் அடியில் அதே தோட்டா வெடிக்கும். இரண்டாவதாக, கைப்பிடி முழுவதும் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்; அரைகுறையாக இறங்கினால் காக்கிங் பீஸ் சாய்தளத்தில் உரசிக் கைப்பிடியைக் கீழே இழுப்பதிலேயே வில்லின் பலத்தில் ஒரு பகுதி போய்விடும். மூன்றாவதாகத்தான் போல்ட்டைப் பிரித்து, ஊசி, வில், உட்குழல் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் பழுது தீராவிட்டால் வில்லும், அதன் பின் ஊசி வெளியே நீளும் அளவும் விசாரணைக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் உண்டு. குழல்முனை பாதுகாப்பான திசையை நோக்கியபடியே குறைந்தது 30 வினாடி காத்திருந்து, முகம் போல்ட்டுக்கு நேர் பின்னால் இல்லாதவாறு விலகி நின்று திறவுங்கள்.

கேள்வி: மௌசர் 98 போல்ட்டை வீட்டில் பிரித்து மாட்டும் முறையை விளக்கமாகச் சொல்லுங்கள். வில் தெறித்துக் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அந்தப் பயத்தோடே வேலையைத் தொடங்குங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதற்கும் முன்னால், தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். ரைபிளில் சுடப்போகும் தோட்டா உட்காரும் அறையும் (சேம்பர்), மற்றத் தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, பிறகு விரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும். சந்தையில் கிடைக்கும் ரைபிள்களில், சேஃப்டி எனப்படும் பாதுகாப்புப் பூட்டு பின்னாளில் வேறாக மாற்றப்பட்டவை பல உள்ளன. நான் இங்கே சொல்வது போல்ட்டின் பின்மூடியில் இடமிருந்து வலமாகத் திரும்பும் மூல ராணுவ வகைச் சேஃப்டி கொண்ட மௌசருக்கு.

போல்ட்டை மூடி, பொறி ஏற்றப்பட்ட நிலையிலேயே (வில் அழுத்தப்பட்டு ஊசி பின்னால் நிற்கும் நிலை), சேஃப்டியை நடு நிலைக்கு, அதாவது செங்குத்தாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்த நிலையில் சேஃப்டி காக்கிங் பீஸைப் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளும். ஆனால் போல்ட்டைத் திறக்க விடும். பிரித்தல் எளிதாவது இந்த ஒரு நிலையால்தான். பிறகு கைப்பிடியைத் தூக்கி, இடப்பக்கம் உள்ள போல்ட் தடுப்பை வெளியே இழுத்துப் பிடித்தபடி, போல்ட்டைப் பின்னால் உருவி எடுங்கள். பின்மூடியின் இடப்பக்கத்தில் வில்லோடு கூடிய சிறு பூட்டுக்குச்சி ஒன்று இருக்கும்; அதை உள்ளே அழுத்திக்கொண்டு பின்மூடியைத் திருகுமரையைக் கழற்றுவது போல இடஞ்சுழியாகத் திருப்பினால், பின்மூடி, காக்கிங் பீஸ், வில், ஊசி ஆகிய அனைத்தும் ஒரே தொகுதியாக வெளியே வந்துவிடும். ரைபிளைச் சுத்தம் செய்ய மட்டுமே விரும்புகிறவர் இந்த இடத்தில் நின்றுவிடலாம். தொகுதியைக் கரைப்பானில் முக்கி, தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்தாலே பெரும்பாலான அழுக்குப் போய்விடும். வில்லை முழுவதும் கழற்றும் தேவை எப்போதாவதுதான் வரும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால், ஊசியின் முனையைக் கெட்டியான மரப்பலகையின் மேல் செங்குத்தாக ஊன்றுங்கள். ஜெர்மானிய ராணுவத்தின் கார் 98கே ரைபிளின் அடிக்கட்டையில் இதற்காகவே துளையிட்ட எஃகு வட்டு ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. ஊசிமுனை வழுக்காத இடத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்; இரும்பின் மேலோ கல்லின் மேலோ ஊன்றினால் முனை மழுங்கிவிடும். இரு கைகளாலும் பின்மூடியைப் பிடித்து, வில் சுருங்கும்படி நேராகக் கீழே அழுத்துங்கள். காக்கிங் பீஸ் பின்மூடியைவிட்டு மேலே விலகியதும் அதைக் கால் சுற்று திருப்புங்கள். ஊசியின் பிடிப்பிலிருந்து அது விடுபட்டுக் கையோடு வந்துவிடும். இப்போது வில்லின் முழு பலத்தையும் உங்கள் கைகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பின்மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே விட வேண்டும். முகத்தை அதற்கு மேலே கொண்டுபோகாதீர்கள். கைப்பலம் போதாது என்று தோன்றினால் இந்தக் கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பாதி அழுத்திய வில்லைத் தனியாளாகச் சமாளிக்க முயல்வதில்தான் விபத்து நேர்கிறது.

மாட்டுவது இதே வழியைத் தலைகீழாகப் போவதுதான், ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை. ஊசியின் பின்பகுதியில் இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். பின்மூடியின் துளையும் அதற்கு ஏற்ற வடிவில் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் பலவந்தமாக அழுத்தக் கூடாது. அழுத்தும்போது சேஃப்டி நடு நிலையிலேயே இருக்க வேண்டும். காக்கிங் பீஸைக் கால் சுற்று திருப்பிய பின், அதன் மூக்கு பின்மூடியின் பள்ளத்துக்கு நேராக வருமாறு வைத்து, வில்லை மெல்லத் தளர்த்தினால், சேஃப்டி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தொகுதியைப் போல்ட்டுக்குள் செலுத்தி, பூட்டுக்குச்சி அதன் பள்ளத்தில் 'க்ளிக்' என்று விழும் வரை திருகுங்கள். அது விழவில்லையென்றால் அரைச் சுற்று குறைந்தோ கூடியோ இருக்கிறது. ரைபிளில் செருகிப் பார்க்காமல் திரும்பக் கழற்றிச் சரிசெய்யுங்கள்.

பிரித்த நேரத்தில் ஊசியை நன்றாகப் பாருங்கள். அதன் முன்பகுதியில் இரண்டு சிறு இறக்கைகள் தெரியும். போல்ட் முழுமையாகப் பூட்டப்படாத நிலையில், நடுவே ஒடிந்துபோன ஊசியின் முன்துண்டு பிரைமரைத் தொட்டுவிடாதபடி தடுப்பதற்காகப் பவுல் மௌசர் வைத்த ஏற்பாடு அது. போல்ட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு நீள்துளைகளும், பின்மூடியின் அகன்ற விளிம்பும், பிரைமர் கிழிந்தால் பின்னால் பாயும் வாயுவைச் சுடுபவரின் முகத்திலிருந்து திருப்பிவிடுகின்றன. 1898-இல் ஜெர்மானிய ராணுவம் ஏற்ற இந்த வடிவமைப்பை வேட்டை ரைபிள் தயாரிப்பாளர்கள் இன்றும் பின்பற்றுவதற்கு இத்தகைய யோசனைகளே காரணம். அந்தத் துளைகளில் அழுக்கு அடைந்திருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: துடைத்துக்கொண்டிருக்கும்போது காக்கிங் பீஸ் 'டக்' என்று திரும்பி முன்னால் போய்விட்டது. இப்போது போல்ட் ரைபிளுக்குள் நுழையவே மறுக்கிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

பதில்: எதுவும் உடையவில்லை. கையில் இருந்த போல்ட்டின் பொறி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். காக்கிங் பீஸின் மூக்கு சாய்தளத்தின் அடியில் விழுந்துவிட்டதால் அது ரைபிளின் பள்ளத்தோடு நேராக இல்லை. மூக்கைத் துணி சுற்றிய வைஸிலோ மேசை விளிம்பிலோ நகராமல் நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்துப் போல்ட்டின் உடலைத் திருப்பினால், மூக்கு சாய்தளத்தில் ஏறி மேலுள்ள சிறு குழியில் உட்காரும். சேஃப்டியை உடனே நடு நிலைக்குக் கொண்டுவந்தால் மறுபடி நழுவாது. சுத்தியலால் தட்டிப் போல்ட்டை உள்ளே செலுத்த முயலாதீர்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டுக்கும், ரஷ்ய ராணுவ ரைபிளான மோசின்-நகாந்துக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. மௌசரோடு சேர்த்து மூன்றும் போல்ட் ரைபிள்களே என்றாலும், ஒன்றின் முறையை மற்றதில் முயன்றால் ஏதாவது ஒரு பாகம் கெடும்.

லீ-என்ஃபீல்டில் பொறி ஏறுவது போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது, திறக்கும்போது அல்ல. போல்ட்டின் தலை தனித் துண்டு; அதைத் திருகிக் கழற்றலாம். ஊசியைக் கழற்ற, அதன் முன்பகுதியைப் பற்றும் நீண்ட குழாய் வடிவத் தனிக்கருவி தேவை. குறடால் ஊசியைப் பிடித்துத் திருகியவர்களின் ஊசியில் பல் பதிந்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பு உட்குழலில் உரசி, முதல் கேள்வியில் கண்ட அதே பழுதைக் கொண்டுவரும். காக்கிங் பீஸில் இருக்கும் சிறு திருகைக் கழற்றிய பிறகே ஊசியைத் திருப்ப வேண்டும். மாட்டும்போது ஊசியின் பின்முனை காக்கிங் பீஸின் பின்பரப்போடு சமமாக நிற்க வேண்டும், அதன் விளிம்பில் உள்ள பள்ளம் திருகுக்கு நேராக வர வேண்டும். ஒரு போல்ட்டின் தலையை வேறு போல்ட்டில் மாட்டாதீர்கள். லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 வகையில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட வெவ்வேறு நீளத் தலைகள் உண்டு. எந்த ரைபிளுக்கு எந்தத் தலை என்பது அளந்து பொருத்தப்பட்டது.

மோசின்-நகாந்து இவற்றில் மிக எளியது. காக்கிங் பீஸைப் பின்னுக்கு இழுத்து இடப்பக்கம் திருப்பிப் பொறியை இறக்கினால், போல்ட்டின் தலையும் இணைப்புத் தண்டும் முன்னால் கழன்று வரும். அந்தத் தண்டையே சாவியாகக் கொண்டு ஊசியைத் திருகிக் கழற்றலாம். 1891-இல் வகுத்த இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: ஊசி எவ்வளவு திருகப்படுகிறதோ அதைப் பொறுத்தே அதன் முனை வெளியே நீளும் அளவு அமைகிறது. ஆகவே மாட்டி முடித்ததும் அளந்தே தீர வேண்டும். ராணுவம் ஒவ்வொரு ரைபிளோடும் தந்த திருப்புளியின் விளிம்பில் 75, 95 என்று குறித்த இரண்டு வெட்டுகள் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் எண்கள் அவை, ஏறத்தாழ 1.9 மி.மீ., 2.4 மி.மீ. ஆகின்றன. 75-இன் வெட்டில் ஊசிமுனை இடிக்க வேண்டும். 95-இன் வெட்டில் தொடாமல் போக வேண்டும். ஊசியின் பின்முனையில் உள்ள கோடும் காக்கிங் பீஸில் உள்ள கோடும் நேராக நிற்பது தொடக்கக் குறிப்பு மட்டுமே; அளவுதான் முடிவு.

கேள்வி: ஊசி வெளியே நீளும் அளவு எல்லா ரைபிளுக்கும் ஒன்றா? வில் தளர்ந்திருப்பதை எப்படி அறிவது? கொஞ்சம் இழுத்து நீட்டிப் போட்டால் பலம் வரும் என்கிறார்களே?

பதில்: மோசினுக்குச் சொன்ன அளவு மோசினுக்கே உரியது. மௌசர் வகை ரைபிள்களில் பொதுவாக 1.4 மி.மீ. முதல் 1.65 மி.மீ. வரை நீளும், உங்கள் ரைபிளின் தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதையே கொள்ளுங்கள். அளக்கும் முறை எளிது: பொறி இறங்கிய நிலையில், போல்ட்டின் முகப்பிலிருந்து ஊசிமுனை எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை ஆழமானி கொண்டு பாருங்கள். அளவு குறைந்தால் அடி லேசாகும். மிகுந்தால் பிரைமர் கிழியக்கூடும். அது லேசான அடியைவிட மிகக் கெட்டது, ஏனெனில் கிழிந்த துளை வழியே வெப்ப வாயு போல்ட்டுக்குள் பாயும். முனையின் வடிவமும் முக்கியம். அது வழவழப்பான அரைக்கோளமாக இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்து, கூரான விளிம்போ வாயு அரித்த குழியோ தெரிந்தால், அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் ஊசியையே மாற்றுங்கள்.

வில்லை இழுத்து நீட்டுவது வீண் வேலை. நீட்டிய வில் சில நாட்கள் பலமாகத் தோன்றி, மீண்டும் பழைய நீளத்துக்கே குறுகிவிடும். உலோகமும் மேலும் களைப்படையும். வில்லின் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது இன்னும் மோசம். அதே மாதிரி ரைபிளுக்கான புதிய வில்லின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீளம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தாலோ, சுற்றுகள் வளைந்து கோணியிருந்தாலோ, எங்காவது துருக்குழி இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ரைபிளின் மலிவான பாகங்களில் இதுவும் ஒன்று. அளவுக்கு மீறிய பலமுள்ள வில்லைத் தேடிப் போகவும் வேண்டாம். கைப்பிடி கனத்து, சியரின் மேல் விழும் சுமையும் கூடும்.

கேள்வி: விசை மிகக் கனமாக இருக்கிறது. சியரை எண்ணெய்க் கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் பட்டுப்போல் ஆகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வீட்டில் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்தியது இதுதான்.

கழற்றலாம், கழுவலாம், தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே பாகத்தைப் புதிதாகப் போடலாம், அளக்கலாம். இவையெல்லாம் கவனமுள்ள உரிமையாளர் செய்யக்கூடிய வேலைகள். உலோகப் பரப்பின் வடிவத்தை மாற்றும் வேலை அந்த வரிசையில் சேராது. சியரும் காக்கிங் பீஸும் ஒன்றையொன்று பற்றும் பரப்பு மிகச் சிறியது. அதன் கோணம் சற்றுப் பிசகினால், விசையைத் தொடாமலே ஊசி நழுவக்கூடும். பல பழைய ரைபிள்களில் அந்தப் பரப்பின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது; உள்ளே இருப்பது மென்மையான எஃகு. கல்லில் இழுத்து அந்தத் தோல் போய்விட்டால், முதல் நாள் விசை பட்டுப்போல்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு முறை பொறி ஏறும்போதும் மென்மையான உலோகம் தேய்ந்து, என்றோ ஒருநாள் போல்ட்டை வேகமாக மூடும்போது துப்பாக்கி தானாக வெடிக்கும். அது எந்த நாள் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையில், எல்லாக் கருவிகளும் சோதனைகளும் இருக்கும் இடத்திலேயே, விசையின் நுணுக்கம் பிசகியதுண்டு. 2014-இல் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளரான ரெமிங்டன் நிறுவனம், 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களில் எக்ஸ்-மார்க் புரோ விசை பொருத்தியவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. விசைத் தொகுதியில் பூசிய ஒட்டுப்பசை அளவுக்கு மேல் போயிருந்தால், சில சூழ்நிலைகளில் ரைபிள் தானாகச் சுடக்கூடும் என்பதே காரணம். பசையின் அளவு கூடியதற்கே இந்த விளைவு என்றால், சமையலறை மேசையில் கோணம் மாறிய சியர் எதைச் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ரைபிளின் விசைத் தொகுதியில் உள்ள திருகுகளின் மேல் அரக்குப் போன்ற முத்திரை இருந்தால், அதை உடைத்துத் திருகாதீர்கள்.

பல ராணுவ ரைபிள்களின் விசை இரண்டு கட்டங்களாக இயங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்: முதலில் தளர்வான நீண்ட இழுப்பு, பிறகு ஒரு தடை, அதைத் தாண்டினால் சுடும். பழகாதவர் முதல் கட்டத்தின் நீளத்தைப் பழுது என்று நினைத்துவிடுகிறார். அழுக்கைக் கழுவிய பிறகும் கனம் குறையவில்லையென்றால், தயாரிப்பாளரே முழுத் தொகுதியாக விற்கும் மாற்று விசையைக் கன்ஸ்மித்திடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊசி ஒடிந்துவிட்டது. அதே மாதிரியின் முழுப் போல்ட் ஒன்று பழைய சாமானில் கிடைக்கிறது. ஊசிக்குப் பதிலாகப் போல்ட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: ஊசியை மட்டும் மாற்றுங்கள். போல்ட்டும் குழலும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்டவை. போல்ட்டின் முகப்புக்கும், தோட்டா அறைக்குள் தடுக்கப்பட்டு நிற்கும் இடத்துக்கும் இடையிலான ஹெட்ஸ்பேஸ் இடைவெளி அந்தப் பொருத்தத்தால்தான் சரியாக அமைகிறது. இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாவின் உலோகக் கூடு நீண்டு, அடிப்பகுதி அருகே அறுந்துவிடக்கூடும். குறைந்தால் போல்ட் மூடாது. பல ரைபிள்களில் போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண் பொறித்திருப்பது இதனால்தான். வேறு போல்ட்டை மாட்டியே ஆக வேண்டும் என்றால், 'கோ', 'நோ-கோ' எனப்படும் அளவுக்கட்டைகளைக் கொண்டு கன்ஸ்மித் சோதித்த பிறகே ஒரு தோட்டாவையாவது சுட வேண்டும். சில நாடுகளில் போல்ட்டுக்கே தனி உரிமம் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கழுவிய பிறகு எந்த எண்ணெய், எவ்வளவு?

பதில்: போல்ட்டின் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். மினரல் ஸ்பிரிட்டிலோ மண்ணெண்ணெயிலோ, நெருப்பு அருகில் இல்லாத காற்றோட்டமான இடத்தில் கழுவி, முழுவதும் உலரவிட்டு, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியால் ஊசியையும் வில்லையும் ஒருமுறை துடைத்தால் போதும். துரு பிடிக்காமல் காக்க அதுவே மிகுதி. கடுங்குளிரில் வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த எண்ணெயையும் துடைத்தெடுத்துவிட்டு, சிறிது கிராஃபைட் தூள் மட்டும் இடுவதுண்டு. கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் போல்ட்டை ரைபிளோடு பூட்டும் பற்களின் பின்பக்கமும், பொறியை ஏற்றும் சாய்தளமும்தான். அங்கும் விரல்நுனி அளவு. திறந்துபார்க்க மனமில்லாமல் பின்மூடியின் இடுக்கில் ஊடுருவும் ஸ்பிரேயை அடிக்கும் பழக்கம் கூடாது; அது பழைய பிசினை இளக்கி முன்னே தள்ளுமே தவிர வெளியே எடுக்காது.

கேள்வி: எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். இனி தைரியமாகச் சுடுகளத்துக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: தோட்டா இல்லாத நிலையில் சில சோதனைகளை முடித்த பிறகு எடுத்துப்போகலாம். மீண்டும் ஒருமுறை அறையைப் பாருங்கள். குழல்முனை பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். ஊசியை வெறுமனே விடுவது, தோட்டாவின் அடி நடுவில் பிரைமர் உள்ள மையத்தீ ரைபிள்களில் பெரும்பாலானவற்றைக் கெடுக்காது, ஆனால் .22 போன்ற, தோட்டாவின் விளிம்பில் குத்தும் விளிம்புத்தீ ரைபிள்களில் ஊசிமுனை அறையின் விளிம்பில் மோதும் என்பதால், அவற்றுக்குப் பயிற்சிப் போலித் தோட்டா வைத்தே சோதிக்க வேண்டும்.

பொறியை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். ஊசி விழக் கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் விழக் கூடாது. பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சேஃப்டி போட்டிருக்கும்போது விசையை இழுத்ததால் சியர் இடம்பெயர்ந்து, விடுவித்த கணத்தில் சுடும் பழுதைக் காட்டுவது இரண்டாம் பாதிதான். அடுத்து, விசையைத் தொடாமல் போல்ட்டை வேகமாக முன்னே தள்ளிப் பலமுறை மூடுங்கள். ஒருமுறைகூடப் பொறி தானாக இறங்கக் கூடாது. பிறகு பொறி ஏறிய நிலையில் ரைபிளை நிமிர்த்தி, அடிக்கட்டையைத் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் பல கோணங்களில் தட்டிப் பாருங்கள். கடைசியாக, கைப்பிடியைச் சற்றே தூக்கி, போல்ட் முழுதும் பூட்டப்படாத நிலையில் விசையை இழுங்கள். ஊசி முகப்புக்கு வெளியே வந்து பிரைமரைத் தாக்கும் நிலை இருக்கக் கூடாது.

இவற்றில் ஏதாவது ஒன்று ஒரே ஒரு முறை தவறினாலும், "மறுமுறை சரியாக இருந்ததே" என்று தேற்றிக்கொள்ளாமல், போல்ட்டை உருவி எடுத்துத் தனியே வைத்துவிட்டு ரைபிளைக் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், சுடுகளத்தில் முதல் சில தோட்டாக்களை மேகசினில் நிரப்பாமல் ஒவ்வொன்றாக அறையில் வைத்துச் சுடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பிரைமரைப் பாருங்கள்: பள்ளம் நடுவில் விழுந்திருக்கிறதா, ஆழமாகவும் வட்டமாகவும் இருக்கிறதா, விளிம்பில் கிழிசலோ கரியோ தெரிகிறதா என்று கவனியுங்கள். கிழிசல் தெரிந்தால் அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்திவிட்டு, ஊசி நீளும் அளவை மீண்டும் அளந்து பாருங்கள்.